கொண்டல்திட்டின் விடுமுறை

நாமக்கல்லில் பெண்களுக்குக் கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கும் சாந்தாமணியின் பின்னால் ஒரு தீவு கிளம்பி வந்த சங்கதியைத் தூத்துக்குடிக்குத் தெற்கே எந்தக் கடற்கரையில் போய்க் கேட்டாலும் சொல்வார்கள். சொல்லும்போது யாரும் குரலைத் தாழ்த்துவதுமில்லை, கண்ணை விரிப்பதுமில்லை, போன வருஷம் மழை கொஞ்சம் பிந்திவிட்டது என்று சொல்கிற அதே குரலில்தான் சொல்வார்கள்.

சாந்தாமணியின் புருஷன் சென்னியப்பன் ஊருக்கு வெளியே லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை வைத்திருந்தார். நல்ல மனுஷர், கோபம் வராது, பொய் சொல்ல மாட்டார், ஆனால் நடை மட்டும் வேகம். சந்தையானாலும் கோயிலானாலும் கல்யாண மண்டபமானாலும் காதில் போனை வைத்துக்கொண்டு அவர் முன்னால் போவார், கையில் பையோடு அவள் பின்னால் போவாள், பேச்சு முடிந்து அவளிடம் எதையோ சொல்லத் திரும்புகிறவர் அங்கே முன்பின் தெரியாத யாரோ ஒருவர் நிற்பதைப் பார்த்து மன்னிப்புக் கேட்பார். பிறந்ததிலிருந்து இதையே பார்த்து வளர்ந்த மகள், பெங்களூரில் வேலைக்குப் போய்க் கல்யாணமும் ஆன பிறகு, பொங்கல் விடுமுறைக்கு அவர்கள் இரண்டு பேருக்கும் ஒரு பாய்த்தோணியில் இடம் போட்டுக் கொடுத்தாள். தோணிக்குள்ளே அப்பா எவ்வளவு வேகமாக நடந்தாலும் உன்னைவிட்டு எங்கேயும் போக முடியாது என்று அம்மாவிடம் அதற்குக் காரணமும் சொன்னாள்.

அந்தத் தோணியின் பெயர் மரியபுஷ்பம். ஒரு காலத்தில் வெங்காயமும் கூரை ஓடும் ஏற்றிக்கொண்டு கொழும்புக்கும் மாலைத்தீவுக்கும் போய் வந்தது. இப்போது சரக்கு வைக்கிற இடத்தில் சின்னச் சின்ன அறைகள் தடுத்து, மெத்தை போட்டு, ஜன்னலுக்குப் பூப்போட்ட திரை மாட்டி, தூத்துக்குடியிலிருந்து கன்னியாகுமரி வரைக்கும் கரையோரமாகவே காற்றின் போக்கில் ஆட்களை ஏற்றிப்போய்க் காட்டியது. தோணித் தலைவரைத் தண்டல் என்பார்கள். மரியபுஷ்பத்தின் தண்டல் கஸ்பார், கழுத்தில் ஜெபமாலையும் தலையில் கிரிக்கெட் தொப்பியும் போட்டிருப்பார், காற்றைப் பற்றித் தவிர வேறு எதைப் பற்றியும் முதலில் பேச்செடுக்க மாட்டார்.

போகி அன்று கிளம்பினார்கள். மத்தியானத்துக்கு மேல் சிலுவைத்துறை என்ற மீனவ ஊருக்கு நேர் எதிரே, கொண்டல்திட்டு என்கிற குட்டித் தீவின் பக்கத்தில் நங்கூரம் போட்டார்கள். திட்டில் கொஞ்சம் பனைகளும் தாழம்புதரும் வெள்ளை அடித்த ஒரு குருசடியும் (சிலுவை நட்ட சின்னக் கோயில்), சிலுவைத்துறைக்காரர்கள் வலை காயப்போடுகிற மணல்பரப்பும் தவிர வேறெதுவும் இல்லை. எல்லோரும் சின்னப் படகில் போய் இறங்கினார்கள், குளித்தார்கள், படம் எடுத்தார்கள். சாந்தாமணி சேலையைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொண்டு திட்டை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள், குருசடிக்கு முன்னால் நின்று கும்பிட்டாள், செருப்பில் ஒட்டிய மணலைத் தட்டிவிட்டுத் திரும்பப் படகேறினாள். அங்கே அவள் விசேஷமாக எதையாவது செய்தாளா, எதையாவது தொட்டாளா, பாடினாளா என்று பிற்பாடு எத்தனையோ பேர் துருவித் துருவிக் கேட்டார்கள். அவள் ஒன்றும் செய்யவில்லை.

மறுநாள் பொங்கல். காப்பி டம்ளரோடு தோணியின் பின்பக்கம் போய் நின்ற சாந்தாமணி, கூப்பிடு தூரத்தில் அந்தப் பனைகளையும் அந்தக் குருசடியையும் பார்த்தாள். காற்று நன்றாக அடித்துக்கொண்டிருந்தது, மரியபுஷ்பத்தின் பாய்கள் மூன்றும் புடைத்திருந்தன, தோணி போகிற போக்கில் தண்ணீர் இரண்டு பக்கமும் கிழிந்து நுரைத்தது, அந்த நுரைப்பாதை மேலேயே கொண்டல்திட்டு நிதானமாக வந்துகொண்டிருந்தது. அதன் முன்விளிம்பிலும் ஒரு சின்ன நுரை இருந்தது.

"ஏனுங்க, நேத்து நாம போன திட்டுத்தானுங்களே அது?"

சென்னியப்பன் போனிலிருந்து தலையைத் தூக்கி, பனைகளை ஒவ்வொன்றாகப் பார்த்து, அதேதான் என்றார். பிறகு, சிக்னல் இல்லாத போனைச் சட்டைப்பையில் போட்டுவிட்டு, அவளுக்குப் பக்கத்தில் வந்து நின்று தானும் பார்த்தார்.

கஸ்பார் கையைக் கண்ணுக்கு மேலே வைத்து நோட்டம் விட்டார். சமையல்காரரைக் கூப்பிட்டு, இனிமேல் கழுவின தண்ணீரைப் பின்பக்கம் ஊற்ற வேண்டாம், வருகிறதன் மேலே படும் என்றார். பாய் இழுக்கிறவர்களிடம் பாயைத் திடுதிப்பென்று இறக்கிவிடாதீர்கள், பின்னால் வருவது நம்மை வந்து முட்டும் என்றார். மற்றபடி காற்று வாடைக்காற்றுதான், பிந்தாமல் போய்ச் சேரலாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

பயணிகளும் சீக்கிரமே பழகிக்கொண்டார்கள். மரத்தோணியில் தீ மூட்டிப் பொங்கல் வைக்கக் கூடாது என்று முதல்நாளே சொல்லியிருந்ததால் பலருக்கும் மனக்குறையாக இருந்தது. இப்போது திட்டு கூடவே வருகிறபோது என்ன தடை என்று பானையும் அரிசியும் கரும்பும் எடுத்துக்கொண்டு சின்னப் படகில் போய் இறங்கி, கிழக்குப் பார்த்து மூன்று கல் வைத்து, தாழம்புதரில் காய்ந்த ஓலையைப் பொறுக்கி மூட்டினார்கள். பால் பொங்கும்போது எல்லோரும் சேர்ந்து குரல் கொடுத்தார்கள், பானை சாய்ந்துவிடக் கூடாது என்பது போலத் திட்டும் அலுங்காமல் குலுங்காமல் வந்தது. வேலூரிலிருந்து வந்திருந்த ஓய்வுபெற்ற தாசில்தார் தணிகாசலம் மட்டும் இலையில் பொங்கலை வைத்துக்கொண்டு, இது இப்போது எந்தத் தாலுகாவில் இருக்கிறது என்று யோசித்துக்கொண்டேயிருந்தார். சாப்பிட்டுக் கை கழுவும்போது, கிளம்பின தாலுகாவிலேயே இருப்பதாகத்தான் வைத்துக்கொள்ள வேண்டும், இடம்பெயர்ந்தவர்களுக்கும் அதுதான் விதி என்று முடிவு சொன்னார், எல்லோருக்கும் அது நியாயமாகப் பட்டது.

கரையில் இருந்தவர்களும் பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை. வலை இழுத்துக்கொண்டிருந்தவர்கள் திட்டுக்கு வழிவிட்டு ஒதுங்கி, போகிற போக்கில் இரண்டு கூடை சீலா மீனை அதன்மேல் வீசிவிட்டுப் போனார்கள். திருச்செந்தூரில் கடலில் முங்கி எழுந்தவர்கள் பனைமரங்கள் தங்களைத் தாண்டிப் போவதைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு மறுபடி முங்கினார்கள். திட்டில் ஆட்கள் இருப்பதைக் கண்ட சுண்டல்காரர் ஒருவர் படகு பிடித்து வந்து விற்றுவிட்டு, அடுத்த ஊர் எப்போது வரும் என்று கேட்டுக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

அந்தத் திருச்செந்தூரில்தான் அது யார் பின்னால் வருகிறது என்பது தெரிந்தது. சாமி கும்பிடுவதற்காக முதல் படகில் பாதிப்பேர் கரைக்குப் போனபோது திட்டு மரியபுஷ்பத்தின் பக்கத்திலேயே அசையாமல் நின்றது. இரண்டாம் படகில் சாந்தாமணி ஏறி உட்கார்ந்ததும் அதுவும் கிளம்பியது. படகு கரையைத் தொட்டது. திட்டு அடிமணலில் தட்டி நின்றது. அவள் கோயிலுக்குள்ளே இருந்த நேரமெல்லாம் அது அலைக்கு முன்னும் பின்னுமாக நகர்ந்துகொண்டே நின்றதாம், பார்த்தவர்கள் சொன்னார்கள். அவள் நெற்றியில் விபூதியோடு திரும்பி வந்து படகேறினதும் அது பனையோலைகளைச் சலசலத்துக்கொண்டு பின்தொடர்ந்தது.

அன்றைக்கு முழுக்க சாந்தாமணி அடிக்கடி பின்னால் திரும்பிப் பார்த்துக்கொண்டாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் ஒருவரின் முதுகைப் பார்த்துத்தான் நடந்திருக்கிறாள். தனக்குப் பின்னால் ஒன்று வருவது, தான் நின்றால் நிற்பது, தான் திரும்பினால் திரும்புவது எப்படியிருக்கும் என்று அவளுக்குத் தெரியாது. இப்போது தெரிந்தது. தோணியின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போகும்போதுகூட அவள் மெதுவாகப் போனாள், அவசரமாகப் போனால் அது பாவம் தடுமாறும் என்று நினைத்தாள், சாப்பிடக் கீழே இறங்கும் முன் ஒருதரம் கையைக் காட்டிவிட்டு இறங்கினாள்.

மறுநாள் மணப்பாட்டுக்குப் போகும் வழியில் அதற்கு ஓட்டச் சொல்லிக்கொடுத்தாள். வலக்கையை நீட்டினால் வலது, உள்ளங்கையைக் கீழே காட்டி அசைத்தால் வேகத்தைக் குறை, கையை மடக்கித் தூக்கினால் நில். அவளிடம் படிக்க வருகிற பெண்கள் இந்தச் சைகைகளைக் கற்றுக்கொள்ள வாரக்கணக்காகும், திட்டு மதியத்துக்குள் கற்றுக்கொண்டது, வளைவில் மட்டும் கொஞ்சம் அகலமாகத் திரும்பியது. மெல்ல வா, உன்னை விட்டுட்டு ஒண்ணும் ஓடிப்போகலை என்று அவள் அதனிடம் சொல்வதைச் சென்னியப்பன் கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு மனசுக்குள் என்னவோ போலிருந்தது. அது என்னவென்று தெரியாததால் போய்க் கஸ்பாரிடம் பாய்மரத்தின் உயரத்தைப் பற்றி விசாரித்தார்.

ஒன்று மட்டும் சாந்தாமணியை உறுத்தியது. திட்டின் மணலில் ஒரு வலை காய்ந்துகொண்டிருந்தது. முதல்நாள் அவள் பார்த்த அதே நீலவலை, யாரோ பார்த்துப் பார்த்துத் தைத்த ஒட்டுக்களோடு, அவர்களோடேயே வந்திருந்தது. அவள் ஒருதரம் படகில் போய் அதை உதறி, மடித்து, குருசடியின் படியில் வைத்துவிட்டு வந்தாள். இதைத் தேடிக்கொண்டு யாராவது வருவார்கள் என்று புருஷனிடம் சொன்னாள். வந்தால் கொடுத்துவிடலாம் என்றார் அவர்.

உவரிக்கு எதிரே நின்றிருந்தபோது வந்தார்கள். இயந்திரம் பூட்டிய வள்ளம் ஒன்று வடக்கேயிருந்து அலையில் ஏறியிறங்கி வந்தது. வள்ளத்தை ஓட்டினவன் தம்பி, முன்னால் எழுந்து நின்றவள் அக்கா. அக்காவின் பெயர் ஜெனோவா. சிலுவைத்துறையில் கரையிலிருந்து முதல் வரிசை வீடு அவளுடையது, கொண்டல்திட்டில் காய்ந்த வலையும் அவளுடையதுதான். வாரிமுடிந்த தலையும் உப்பு பூத்த முகமுமாக இருந்தவள், மரியபுஷ்பத்தில் யாரையும் பார்த்து வணக்கம் சொல்லவில்லை.

"எங்க திட்டைத் தந்துருங்க," என்றாள்.

யாரும் எடுத்து வரவில்லை, அதுவாகத்தான் வருகிறது என்று கஸ்பார் பக்குவமாகச் சொன்னார். ஜெனோவா அதை நம்பாமலில்லை. அதுவாக வருகிறது என்று வழியில் ஊர் ஊராக அவளுக்குச் சொல்லியிருந்தார்கள். ஆனால் அது அங்கே நின்றவரைக்கும் கிழக்கேயிருந்து அடிக்கும் கொண்டல்காற்று கிளப்புகிற அலையெல்லாம் அதன்மேல் மோதி உடைந்து, கிழடு தட்டித்தான் சிலுவைத்துறைக்கு வந்து சேரும். அது போன மறுநாளே அலை நேராக ஊருக்குள் வந்துவிட்டது. அவள் வீட்டு அடுப்பு நனைந்துவிட்டது, பொங்கலுக்கு யாரும் உலை வைக்கவில்லை, பக்கத்து வீட்டுச் சுவர் விழுந்துவிட்டது, ஒரு வள்ளம் இரண்டாகப் பிளந்துவிட்டது, பிள்ளைகளையெல்லாம் கோயிலுக்குள்ளே படுக்க வைத்திருக்கிறார்கள். தை அமாவாசைக்கு இன்னும் சில நாள்தான் இருக்கிறது. அன்றைக்குக் கடல் பெருகும். அப்போது முன்வரிசை வீடுகள் ஒன்றும் நிற்காது.

அவள் சொல்லி முடித்தாள். பிறகு எல்லோரும் பேசினார்கள். சுற்றுலாவை நடத்துகிறவர், கன்னியாகுமரியில் தொலைக்காட்சிக்காரர்கள் காத்திருக்கிறார்கள், ஒரே ஒரு நாள் மட்டும், அப்புறம் கொண்டுபோய் விட்டுவிடலாம் என்றார். திட்டில் ஊஞ்சல் கட்டியிருந்த குடும்பங்கள், அது வரவில்லையென்றால் பிள்ளைகள் அழும் என்றார்கள். தணிகாசலம், கிளம்பின தாலுகாவுக்குத்தான் அது சொந்தம் என்று தான் ஏற்கெனவே சொன்னதை எடுத்துச் சொன்னார், அதை அன்றைக்கு ஒப்புக்கொண்டவர்கள் இப்போது காதில் வாங்கவில்லை. கஸ்பார் ஒன்றுதான் சொன்னார். வாடைக்காற்றை எதிர்த்துத் தோணி வடக்கே திரும்பிப் போவதென்றால் அமாவாசை தாண்டிவிடும், யார் போவதானாலும் வள்ளத்தில்தான் போக வேண்டும்.

சாந்தாமணி திட்டைப் பார்த்தாள். தரமாட்டேன் என்று சொல்ல அவளுக்கு ஒரு நிமிஷம் ஆசையிருந்தது. ஆசை இல்லையென்று பிற்பாடு ஒருநாளும் அவள் சொன்னதில்லை.

"அது நான் வந்தாத்தான் வரும்," என்றாள் ஜெனோவாவிடம். "இரு அம்மிணி, துணியை எடுத்துட்டு வர்றேன்."

சென்னியப்பனிடம் அவள் சொன்னது, அவர் தோணியிலேயே கன்னியாகுமரிக்குப் போய்விட்டு வரட்டும், தான் திட்டை விட்டுவிட்டுப் பஸ்ஸில் நாமக்கல் வந்துவிடுவதாக. அவர் அறைக்குப் போனார், இரண்டு பேர் துணியையும் ஒரே பையில் திணித்துக்கொண்டு வந்தார், அவள் கை நீட்டியபோது பையைக் கொடுக்கவில்லை.

"பையை நான் எடுத்துக்கறேன். நீ முன்னாடி ஏறு."

அப்படித்தான் அவர்கள் வடக்கே போனார்கள். சாந்தாமணி வள்ளத்தின் முனையில் திட்டைப் பார்த்தபடி பின்திரும்பி உட்கார்ந்துகொண்டாள், அவளுக்கு எதிரே பையை மடியில் வைத்துக்கொண்டு சென்னியப்பன், நடுவில் ஜெனோவா, கடைசியில் தம்பி, அதற்கும் பின்னால் கொண்டல்திட்டு. எதிர்க்காற்றில் உப்புத்தண்ணீர் நான்கு பேரையும் குளிப்பாட்டியது. திட்டு மூச்சு வாங்குவது போல நுரை தள்ளிக்கொண்டு வந்தது. அது பின்தங்கினபோதெல்லாம் அவள் வள்ளத்தை நிறுத்தச் சொன்னாள். மணப்பாட்டில் ஒரு ராத்திரி தங்கி, ஜெனோவாவின் சொந்தக்காரர்கள் வீட்டில் மீன்குழம்பு சாப்பிட்டு, காலையில் மறுபடி கிளம்பினார்கள். சிலுவைத்துறை கண்ணுக்குத் தெரிந்தபோது ஊரே கரையில் நின்றது. ஜெனோவா சொன்னதில் ஒன்றும் கூடுதல் இல்லை. முன்வரிசை வீடுகளில் சுவர் இடுப்பு உயரத்துக்கு ஈரமாக இருந்தது, கட்டிலும் பெட்டியும் தையல் மிஷினும் கோயில் வாசலில் குவிந்து கிடந்தன, அலை வீட்டு வாசல்களில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

திட்டைப் பழைய இடத்தில் உட்கார வைப்பதுதான் கஷ்டமாகப் போயிற்று. அடியில் அதற்கென்று இருந்த பள்ளம் ஒரு பக்கம் பாறையும் மறுபக்கம் ஆழமுமாக இருந்தது, அதோடு குருசடி ஊரைப் பார்த்து நிற்க வேண்டும், வந்த வாக்கில் அப்படியே போய் நின்றால் அது கடலைப் பார்த்து நிற்கும். அப்படியானால் திருப்பி, பின்னாலேயே நகர்த்தித்தான் விட வேண்டும். பின்னால் நகர அதற்கு அவள் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. அப்போதுதான் சென்னியப்பன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் பாறைமேல் ஏறி நின்றார். பட்டறையில் எத்தனையோ லாரிகளைப் பின்னால் வரச் சொல்லிக் குரல் கொடுத்த தொண்டை அது. அவர் பாறைமேலிருந்து வரட்டும் வரட்டும், லெஃப்ட்ல ஒடிச்சு வரட்டும் என்று நீட்டி முழக்க, அவள் வள்ளத்தின் முனையில் நின்று அதன் முகத்துக்கு நேரே கையை மெல்ல மெல்லத் தள்ளிக் காட்ட, கொண்டல்திட்டு ஒருதரம் பாறையில் உரசி, முன்னால் வந்து, மறுபடி பின்னால் போய், கடைசியில் ஒரு பெருமூச்சோடு பள்ளத்தில் அமர்ந்தது. அடுத்து வந்த அலை அதன்மேல் மோதிச் சிதறியது. ஊருக்கு வந்து சேர்ந்தபோது அது பிள்ளைகள் கால் நனைக்கிற அளவுக்குத்தான் இருந்தது.

ஊர் மொத்தமும் அவர்களைத் தூக்கி வைத்துக்கொண்டாடியது. இறால் பொரித்துப் போட்டார்கள், பங்குச்சாமியார் வந்து கை குலுக்கினார், முன்வரிசைக்காரர்கள் கட்டிலைத் திரும்ப வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். சாந்தாமணியும் சென்னியப்பனும் சொல்லிக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார்கள். அவர்கள் ஊர் எல்லையைத் தாண்டவில்லை, பின்னால் கூச்சல் கேட்டது. திட்டு கிளம்பிவிட்டிருந்தது. அவள் ஓடி வந்து கரையில் நின்றதும் நின்றது. மறுபடி உட்கார வைத்தார்கள், மறுபடி அவள் கிளம்பினாள், மறுபடி அதுவும் கிளம்பியது. மூன்றாம்தரம் அவள் பஸ்ஸிலேயே ஏறிவிட்டாள், நடத்துநர் விசில் கொடுக்கும் முன் ஜெனோவாவின் தம்பி சைக்கிளில் வந்து நிறுத்தினான்.

சாயங்காலம் கோயில் முன்னால் ஊர் கூடிப் பேசியது. சங்கிலி போட்டுப் பாறையோடு கட்டிவிடலாம் என்றார்கள் ஒரு பக்கம். அந்த அக்காவுக்கு இங்கேயே ஒரு வீடு கட்டிக் கொடுத்துவிடலாம், கார் ஓட்ட இங்கேயும் பெண்கள் இருக்கிறார்கள் என்றார்கள் இன்னொரு பக்கம். அதைக் கேட்டுச் சென்னியப்பன் சங்கடமாகச் சிரித்தார். சாந்தாமணி கரையில் ஒரு கவிழ்த்துப் போட்ட வள்ளத்தின்மேல் திட்டைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள், ஜெனோவா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். சாந்தாமணி அவள் பிழைப்பைப் பற்றிக் கேட்டாள், விடியும் முன்னே கடலுக்குப் போகிறவர்களை அனுப்பிவிட்டு மீன் ஏலத்துக்கு ஓடுவதைப் பற்றி ஜெனோவா சொன்னாள், உங்களுக்கு லீவே கிடையாதா என்று கேட்டதற்கு, இருக்கிறது என்றாள். சித்திரை பிறந்ததிலிருந்து இரண்டு மாதம் மீன் குஞ்சு பொரிக்கிற காலம், விசைப்படகுக்குச் சர்க்கார் தடை போட்டுவிடும், தங்கள் வள்ளங்களையும் அப்போது கரையில் கவிழ்த்துவிடுவது அந்த ஊர் வழக்கம், அப்போதுதான் பெண்கள் தாய் வீட்டுக்குப் போவார்கள், வேளாங்கண்ணிக்குப் போவார்கள், கொண்டல்காற்றும் அப்போது இருக்காது. சொல்லிக்கொண்டே வந்தவள் பாதியில் நிறுத்தினாள்.

"அக்கா, எங்களுக்கே ரெண்டு மாசம் விடுதாவ. இதுக்கு ஒருநாளாவது நாங்க லீவு விட்டிருக்கமா?"

அவள் எழுந்து போய்க் கூட்டத்தின் நடுவில் நின்று அதையே சொன்னாள். சிரித்தார்கள். பிறகு சிரிப்பு அடங்கியது. தீவுக்கு விடுமுறை கொடுத்தால் அது திரும்பி வருமென்று யார் பொறுப்பு என்று ஒரு பெரியவர் கேட்டார். நான் பொறுப்பு என்றாள் ஜெனோவா. வராவிட்டால் முதல் அலை என் வீட்டுக்குள்தான் வரும், வேறு யார் பொறுப்பேற்பது என்றாள். ஊர் அதை ஒப்புக்கொண்டது.

வள்ளத்தில் ஏறிப் போய்த் திட்டின் மணலில் இறங்கி, குருசடிக்கு முன்னால் நின்று, சாந்தாமணி எல்லாவற்றையும் அதனிடம் விவரமாகச் சொன்னாள். பிள்ளைகளிடம் பேசுகிற குரலில் இல்லை, புதிதாகக் கார் வாங்கினவளிடம் பேசுகிற குரலில் சொன்னாள். கொண்டல் அடிக்கிற காலத்தில் இங்கே இருக்க வேண்டும், இந்த ஊர் உன்னை நம்பித்தான் வீடு கட்டியிருக்கிறது. சித்திரை பிறந்ததும் உன் இஷ்டம், எங்கே வேண்டுமானாலும் போகலாம், யார் பின்னாலும் போக வேண்டியதில்லை.

"எனக்கும் வேலை கிடக்குது கண்ணு. எம் பின்னாடி வந்தா நீ நாமக்கல்லையா பார்க்கப் போறே? அங்க கடலே இல்லை."

அவள் கிளம்பினாள். இந்தத் தரம் திட்டு வரவில்லை. பஸ் ஜன்னலோரம் உட்கார்ந்து அவள் அழுதாள், சென்னியப்பன் கைக்குட்டையைக் கொடுத்துவிட்டு நாமக்கல் வரும்வரைக்கும் போனை எடுக்கவேயில்லை.

சித்திரை பிறந்ததும் ஜெனோவா போனில் கூப்பிட்டாள். ஊரில் சிலர் கடைசி நேரத்தில் மனசு மாறிச் சங்கிலியோடு வந்தார்களாம், அவள் திட்டிலேயே போய் உட்கார்ந்துகொண்டு என்னையும் சேர்த்துக் கட்டுங்கள் என்றாளாம், திரும்பிப் போய்விட்டார்களாம். குருசடிக்கு மாலை போட்டு அவள் இறங்கின பிறகும் திட்டு வெகுநேரம் கிளம்பவில்லை, நிஜமாகத்தான் சொல்கிறார்களா என்று பார்ப்பது போல நின்றது, பிறகு மெல்ல வடக்கே திரும்பியது. அதற்கப்புறம் ஜெனோவாவுக்கு ஒவ்வொரு கரையிலிருந்தும் போன் வந்தது, அவள் அதை அப்படியே நாமக்கல்லுக்குச் சொன்னாள். நாகப்பட்டினத்தில் ஒரு கல்யாண வீட்டுக்காரர்கள் அதில் பந்தி போட்டார்கள். கடலூர்ப் பக்கம் மழை பெய்கிற அன்று அது வெறுமனே நனைந்துகொண்டு நின்றது. மெரினாவில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு நடுவே வந்து ஒதுங்கியபோது, எல்லோரும் அதை மாநகராட்சி புதிதாகக் கட்டிய பூங்கா என்று நினைத்து ஏறி இறங்கினார்கள். சாந்தாமணியின் டிரைவிங் ஸ்கூலில் படிக்கிற பெண்களெல்லாம் வகுப்புக்கு வந்ததும் முதலில், இன்றைக்கு எங்கே இருக்கிறது என்றுதான் கேட்டார்கள். சென்னியப்பன் பட்டறைச் சுவரில் கடற்கரைப் படம் ஒன்றை மாட்டி, ஊர் ஊராகப் பொட்டு வைத்துக்கொண்டு வந்தார்.

பிறகு ஒரு சேதியும் இல்லை. தடைக்காலம் முடிந்தது, சிலுவைத்துறையில் வள்ளங்களை நிமிர்த்திக் கடலில் இறக்கினார்கள், திட்டு நின்ற இடம் வெறும் தண்ணீராக இருந்தது. கொண்டல் வர இன்னும் மாதங்கள் இருக்கின்றன என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள், ஆனாலும் முன்வரிசையில் சிலர் மறுபடி கோயிலுக்குத் தூக்கிப்போக வேண்டிவருமோ என்று கட்டிலைத் தட்டிப் பார்க்க ஆரம்பித்தார்கள். ஜெனோவாவிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை, அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. போனில் அவள் குரல் நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வந்தது. சாந்தாமணி, சாப்பிட்டாயா என்று கேட்பாள். ராத்திரி சென்னியப்பன், நாம் போய் ஒரு எட்டுப் பார்த்துவிட்டு வரலாமா என்று கேட்டபோது, போய் நான் என்ன செய்யட்டும், அது என் பின்னால் வருவதில்லையே என்றாள்.

ஆனி பாதிக்கு மேல் ஒருநாள் காலையில், திருச்சி சாலையில் ஒரு வங்கிக்காரப் பெண்ணுக்கு அவள் கியர் மாற்றச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. வண்டியை ஓரம் கட்டச் சொல்லிவிட்டு எடுத்தாள். முதலில் ஊர்ச் சத்தம்தான் கேட்டது, ஆட்கள் ஓடுகிற சத்தம், கோயில் மணி, தம்பி யாரையோ வழி விடச் சொல்லிக் கத்துவது. அதற்கப்புறம் ஜெனோவா மூச்சிரைக்கச் சொன்னாள், வந்துவிட்டதாம், வடகிழக்கிலிருந்து, பனைகளெல்லாம் அப்படியே இருக்கின்றனவாம், குருசடியில் தெரியாத பாஷையில் எழுதின நாடா கட்டிய ஒரு மாலை தொங்குகிறதாம். தனியாக வரவில்லையாம். கூட ஒன்று வருகிறதாம், வள்ளம் நாலை அடுக்கி வைத்த அளவு, மேலே ஒரே ஒரு பனங்கன்று. அதில் யார் வலை காயப்போடுவது என்று அதற்குள்ளே சண்டை ஆரம்பித்துவிட்டதாம்.

சாந்தாமணி ஜன்னல் கண்ணாடியை இறக்கினாள். வெளியே லாரிகள் போய்க்கொண்டிருந்தன.

"சின்னது ஒழுங்கா பின்னாடி வருதா?" என்று கேட்டாள்.

"எங்கக்கா பின்னாடி வருது? முன்னாலதான் போவேன்னு அடம்புடிக்குது. பெரியதுதான் அது பின்னாடி திண்டாடிக்கிட்டு வருது."

பக்கத்தில் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த பெண் என்ன என்று கண்ணால் கேட்டாள். சாந்தாமணி சிரித்துக்கொண்டே அவளுக்குக் கிளம்பலாம் என்று கை காட்டினாள்.

"போகட்டும், விடு," என்றாள் போனில்.